கொக்கிக்குக் கீழே: மேல்நிலைக் கிரேனில் பளு தூக்கப் பழகுபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்கே ஜேக்கப்ஸ், மொபெனி, பிராஸ்பெக்டன் பகுதிகளில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் அண்ணாந்து பார்த்தால் ஓர் இரும்பு விட்டம் குறுக்கே கிடக்கும். அதன் நடுவில் ‘10 டன்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அந்த எண்ணைப் பார்த்து, பத்து டன்னுக்குள் இருந்தால் எதையும் தூக்கலாம் என்று நினைத்துக்கொள்வார். அந்த எண் கிரேனைப் பற்றியது மட்டுமே. கொக்கியில் மாட்டும் ஸ்லிங் (பளுவைக் கட்டித் தூக்கும் துணிப்பட்டை, வயர் ரோப் அல்லது சங்கிலி), ஷாக்கிள் (பின் போட்டு மூடும் U வடிவ இணைப்பு), பளுவில் திருகிய கண் போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) ஆகியவற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

கொக்கிக்கு மேலே இருப்பதைப் பொறியாளர் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார். பிரேக் இருக்கிறது, கொக்கி மேல் எல்லையைத் தொட்டால் தானே நிறுத்தும் லிமிட் சுவிட்ச் இருக்கிறது, பல கிரேன்களில் அதிகப் பளுவை உணர்ந்து நிறுத்தும் கருவியும் இருக்கிறது. கொக்கிக்குக் கீழே அப்படி எதுவும் கிடையாது. அங்கே ஒவ்வொரு தூக்கலுக்கும் புதிதாக முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவை எடுப்பவர் நீங்கள். ஆகவே இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் கொக்கிக்குக் கீழேயேதான் நிற்கும்.

மேலே இருப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சுவரோரமாக இரண்டு தண்டவாளங்கள். அவற்றின்மேல் பட்டறையின் நீளவாட்டில் ஓடும் பாலம். பாலத்தின்மேல் குறுக்குவாட்டில் ஓடும் டிராலி. டிராலியில் மோட்டார், கியர்பாக்ஸ், டிரம். டிரம்மில் சுற்றிய வயர் ரோப், அதன் அடியில் கப்பியோடு சேர்ந்த கொக்கி. ஆக மூன்று அசைவுகள்தான்: நீளவாட்டு, குறுக்குவாட்டு, ஏற்ற இறக்கம். கையில் இருக்கும் பெண்டன்ட் (கிரேனிலிருந்து கேபிளில் தொங்கும் பொத்தான் பெட்டி) அல்லது ரிமோட்டில் இந்த மூன்றுக்கும் இரண்டிரண்டு பொத்தான்கள், கூடவே ஒரு சிவப்பு அவசர நிறுத்தம்.

எடை எவ்வளவு?

தூக்கப்போகும் பொருளின் எடை தெரியாமல் கொக்கியை இறக்கவே வேண்டாம். முதலில் இயந்திரத்தின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் வரைபடம், அதுவும் இல்லாவிட்டால் கணக்கு. எஃகு ஒரு கன மீட்டருக்கு 7.85 டன், வார்ப்பிரும்பு சுமார் 7.2, கான்கிரீட் சுமார் 2.4. கரும்பாலையில் பழுதுக்காலத்தில் கழற்றி வைத்த ஓர் எஃகு ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். விட்டம் அரை மீட்டர், நீளம் 3 மீட்டர். ஆரம் 0.25, அதை அதனாலேயே பெருக்கி, 3.14 ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் 0.589 கன மீட்டர். அதை 7.85 ஆல் பெருக்கினால் 4.6 டன். கண்ணால் பார்த்து ‘ரெண்டு டன் இருக்கும்’ என்று சொல்லிவிடக்கூடிய உருப்படிதான் அது. உருண்டையான எஃகு எப்போதும் பார்வைக்குச் சிறியதாகவும் தராசில் பெரியதாகவும் இருக்கும்.

தகட்டில் எடை இருந்தாலும் உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். கியர்பாக்ஸில் வடிக்காத எண்ணெய் 200 லிட்டர் இருந்தால் ஏறக்குறைய 175 கிலோ கூடும். எடை கூடுவதைவிட, அந்த எண்ணெய் சாயும் பக்கமாக ஓடிச் சமநிலையைக் குலைப்பது பெரிய தொல்லை. அடித்தள போல்ட் ஒன்று கழற்றப்படாமல் இருந்தால் கிரேன் அந்த இயந்திரத்தை மட்டும் இழுக்கவில்லை, பட்டறைத் தரையையும் சேர்த்து இழுக்கிறது. அந்த போல்ட் பட்டென்று அறுந்தால் பளு மேல்நோக்கித் துள்ளும். எல்லா போல்ட்டும், எல்லாக் குழாயும், எல்லா மின்கம்பியும் கழன்றனவா என்று சுற்றி வந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஸ்லிங், ஷாக்கிள், தூக்கு விட்டம் (கொக்கிக்கும் பளுவுக்கும் நடுவே மாட்டும் இரும்புச் சட்டம்) என்று கொக்கியில் தொங்கும் எல்லாவற்றின் எடையையும் பளுவோடு கூட்டுங்கள். தூக்கு விட்டம் ஒன்றே அரை டன் இருக்கலாம்.

கோணம்

அதிகம் பேர் தவறு செய்வது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். கலியாண வீட்டில் பிரியாணி அண்டாவை இரண்டு பேர் தூக்கிப் போவதைக் கவனித்திருப்பீர்கள். இருவரும் அண்டாவை ஒட்டி நின்று நேராகத் தூக்கினால் ஆளுக்குப் பாதிச் சுமை. இருவரும் விலகி நின்று கையைப் பக்கவாட்டில் நீட்டித் தூக்கினால் அதே அண்டா தோளைப் பிடுங்கும். அண்டா கனக்கவில்லை, கை சாய்ந்துவிட்டது. சாய்ந்த கை பாதிச் சுமையை மேலே தூக்குவதோடு, எதிராளியைப் பக்கவாட்டிலும் இழுக்க வேண்டியிருக்கிறது.

கொக்கியிலிருந்து இரண்டாகப் பிரிந்து இறங்கும் இரண்டு கால் ஸ்லிங்கிலும் இதேதான் நடக்கிறது. 8 டன் பளு, சமமான இரண்டு கால்கள். நேர் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு காலிலும் 4 டன். தரைக்கு 60 பாகையில் சாய்ந்தால் 4.6 டன். 45 பாகையில் 5.7. 30 பாகைக்கு இறங்கினால் 8 டன்: அதாவது ஒவ்வொரு காலும் முழுப் பளுவையும் தனியாகத் தூக்குவதற்குச் சமம். 15 பாகையில் 15 டன்னைத் தாண்டிவிடும். கூரை தாழ்வாக இருக்கிறது, கொக்கி போதிய உயரம் ஏறவில்லை என்று குட்டை ஸ்லிங்கை மாட்டுபவர் அறியாமல் செய்வது இதைத்தான்.

கோணம் அளக்கும் கருவி எதுவும் வேண்டாம், டேப் போதும். ஸ்லிங் காலின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கொக்கியிலிருந்து, ஸ்லிங் பளுவைத் தொடும் மட்டம்வரை நேர்க்குத்து உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நீளத்தை உயரத்தால் வகுத்து, வரும் விடையைப் பாதிப் பளுவால் பெருக்கினால் ஒரு காலின் இழுவிசை. கால் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்றால் ஒன்றரை. 8 டன்னில் பாதி 4, ஒன்றரை மடங்கு 6 டன். இன்னும் எளிதாக வேண்டுமானால்: இரண்டு மாட்டுமிடங்களுக்கு நடுவே உள்ள தூரமும் ஸ்லிங் காலின் நீளமும் ஒன்றாக இருந்தால் கோணம் 60 பாகை. கால் அதைவிட நீளமாக இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்காதீர்கள்.

நான்கு கால் ஸ்லிங் என்றால் பளுவை நான்கால் வகுக்கத் தோன்றும். வளைந்துகொடுக்காத இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்கும்போது நான்கு கால்களும் சமமாக இறுகுவது அபூர்வம். ஒரு கால் சில மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்கள் சுமக்கும், மற்ற இரண்டும் ஆடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பளுவுக்கு இரண்டு காலே சுமப்பதாகக் கணக்கிடுவது எங்கள் பழக்கம். இதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

சாய்வு கண் போல்ட்டையும் விடாது. நேர் மேலே இழுத்தால் 1 டன் தாங்கும், காலர் (கழுத்தடியில் அகன்ற தட்டு) வைத்த கண் போல்ட், 45 பாகையில் இழுத்தால் அதில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான் தாங்கும். காலரே இல்லாத கண் போல்ட்டைச் சாய்த்து இழுக்கவே கூடாது, அது வளைந்து கழுத்தில் முறியும். சாய்த்து இழுக்க வேண்டியிருந்தால் தானே திரும்பிக்கொள்ளும் சுழல் வளையத்தை வாங்குங்கள். விலை கூடுதல்தான். மோட்டாரின் தலையில் இருக்கும் கண் போல்ட் அந்த மோட்டாரைத் தனியாகத் தூக்க மட்டுமே வைத்தது. பம்ப்பும் அடிச்சட்டமும் சேர்ந்திருக்கும்போது அதில் மாட்டுவது, கூடையைத் தூக்கக் கூடைக்குள் இருக்கும் மாம்பழத்தின் காம்பைப் பிடிப்பதைப் போல.

எடை மையம்

கொக்கியில் தொங்கும் எந்தப் பளுவும் தன் எடை மையத்தைக் கொக்கிக்கு நேர் கீழே கொண்டுவரும்வரை ஓயாது. நீங்கள் கொக்கியை மையத்துக்கு மேலே வைக்காவிட்டால், பளு தானே சாய்ந்தும் நகர்ந்தும் வைத்துக்கொள்ளும். அந்த நகர்வில்தான் பக்கத்தில் நிற்பவரின் கால் சுவருக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டுகிறது.

ஒரு முனையில் மோட்டார், மறு முனையில் கனத்த கியர்பாக்ஸ் உள்ள 8 டன் சட்டத்தை வைத்துப் பாருங்கள். மாட்டுமிடங்களுக்கு நடுவே 4 மீட்டர். எடை மையம் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து 1 மீட்டரில் இருக்கிறது. அந்தப் பக்க ஸ்லிங் தாங்குவது 6 டன், மறுபக்கம் 2 டன்தான். ‘எட்டு டன், ரெண்டு கால், ஆளுக்கு நாலு’ என்று 5 டன் ஸ்லிங்கை இரு பக்கமும் மாட்டினால் ஒரு பக்கம் வரம்பு மீறிவிட்டது. கோணத்தை இன்னும் சேர்க்கவே இல்லை.

மையம் உயரமாகவும், மாட்டுமிடம் அதற்குக் கீழேயும் இருந்தால் பளு தலைகுப்புறக் கவிழப் பார்க்கும். உயரமான மின்பலகைகள், நிமிர்த்தி வைத்த தொட்டிகள் இந்த ரகம். இவற்றுக்கு மையத்துக்கு மேலே மாட்டுமிடம் வேண்டும்.

மையம் எங்கே என்று தெரியாதபோது அதைக் காட்டிக்கொடுப்பது சோதனைத் தூக்கல். ஸ்லிங் மெல்ல இறுகும்வரை கொக்கியை ஏற்றுங்கள். நிறுத்துங்கள். கை, விரல் எதுவும் ஸ்லிங்குக்கும் பளுவுக்கும் நடுவே இல்லை என்று பாருங்கள். விரல் போவது பெரும்பாலும் இந்த இறுக்கும் நேரத்தில்தான். பிறகு தரையிலிருந்து 10 அல்லது 15 சென்டிமீட்டர் மட்டும் தூக்கி மறுபடி நிறுத்துங்கள். சாய்கிறதா? இறக்கி மாட்டுமிடத்தை மாற்றுங்கள். பொத்தானை விட்ட பிறகும் பளு மெல்லக் கீழே வழுகுகிறதா? பிரேக் தேய்ந்திருக்கிறது, அன்றைய தூக்கல் அத்தோடு முடிந்தது. சாய்ந்த பளுவின்மேல் ஒருவரை ஏற்றி நிறுத்திச் சமன் செய்யும் வித்தையைச் சில இடங்களில் காணலாம். பளுவின்மேலோ கொக்கியிலோ ஆள் ஏறக் கூடாது. இதற்கு விதிவிலக்குச் சொல்லிக்கொண்டு வருபவரிடம் பேச்சு வளர்க்க வேண்டாம்.

ஸ்லிங்கைக் கையில் எடுக்கும்போது

முதல் கேள்வி: லேபிளோ தகடோ இருக்கிறதா? இல்லையென்றால் அது ஸ்லிங் இல்லை, வெறும் கயிறு. துணி ஸ்லிங்குகளில் ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5 என்று ஐரோப்பிய நிற முறை பரவலாக இருக்கிறது. ஆனாலும் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். வெயிலில் வெளுத்த சிவப்பு எந்த நிறமாகவும் தெரியும்.

லேபிளில் உள்ள எண் நேராகத் தொங்கவிடும் முறைக்கு. பளுவைச் சுற்றிச் சுருக்குப் போட்டால் அதில் எண்பது சதவீதமே. அடியில் தொட்டில்போல் கொடுத்து இரண்டு முனைகளிலும் உள்ள கண்களை (வளையங்களை) கொக்கியில் மாட்டினால், கால்கள் செங்குத்தாக இருக்கும்வரை இரண்டு மடங்கு.

துணி ஸ்லிங்கில் வெட்டு, தீய்ந்த இடம், தையல் பிரிதல், ரசாயனம் பட்டு விறைத்த பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வயர் ரோப்பில் அறுந்த இழைகளைப் பாருங்கள், வெறுங்கையால் தடவாதீர்கள். கந்தல் துணியை ஓட்டினால் அறுந்த முனை அதில் மாட்டிக் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை முறுக்கி மடிந்த வயர் ரோப்பை நிமிர்த்தினாலும் பலம் திரும்பாது. இரண்டு கால் சங்கிலி என்றால் தொங்கவிட்டுக் கால்களை அருகருகே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று நீண்டிருந்தால் அது எப்போதோ அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது. டர்பன் கடற்காற்றில் துரு வேறு சேர்ந்துகொள்ளும். ரோப்பின் வெளியே மினுங்கும் கிரீஸுக்கு உள்ளே துருத்தூள் இருக்கலாம். ரோப்பை வளைத்துப் பார்த்தால் செம்பழுப்புத் தூள் உதிரும்.

கூரான விளிம்பு துணி ஸ்லிங்குக்கு எமன். விளிம்பின் வளைவு ஆரம் ஸ்லிங்கின் தடிமனைவிடக் குறைவாக இருந்தால் அதைக் கூர்விளிம்பாகவே எடுத்துக்கொண்டு காப்பு வையுங்கள். மடித்த அட்டைப்பெட்டி காப்பு ஆகாது, முதல் இழுப்பிலேயே கிழியும். பாதியாக வெட்டிய குழாய், அதற்கென்று விற்கும் மூலைக்காப்பு ஆகியவை சரி.

ஷாக்கிளின் பின் முழுவதும் திருகி உட்கார்ந்திருக்க வேண்டும். தொலைந்த பின்னுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த போல்ட்டைச் செருகுவது, 30 மில்லிமீட்டர் எஃகை நம்பிப் பளுவைத் தூக்கி, தரம் தெரியாத கம்பியில் தொங்கவிடுவது. கொக்கியின் வாய் விரிந்திருந்தாலோ முறுக்கியிருந்தாலோ கிரேனை நிறுத்துங்கள். ஸ்லிங் கொக்கியின் அடிவளைவில் உட்கார வேண்டும், நுனியில் அல்ல.

உடையும் பலத்துக்கும் எழுதியிருக்கும் வரம்புக்கும் நடுவே இடைவெளி உண்டு. ஐரோப்பியத் தரங்களில் சங்கிலிக்கு 4 மடங்கு, வயர் ரோப்புக்கு 5, துணிக்கு 7. ‘நாலு மடங்கு தாங்குமே, கொஞ்சம் கூடினால் என்ன?’ என்று கேட்பவர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. தொய்ந்த ஸ்லிங்கைச் சட்டென்று இழுத்தால், அசையாத பளுவின் எடையைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ விசை விழும். தேய்மானம், சரியாகக் கணக்கிடாத கோணம், தவறாக ஊகித்த எடை ஆகிய மூன்றும் அந்த இடைவெளியிலிருந்துதான் ஏற்கெனவே கடன் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

நகர்த்தும்போது

கொக்கி பளுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். எட்டாத இயந்திரத்தைச் சாய்வாக இழுத்துக் கொண்டுவரக் கிரேன் செய்யப்படவில்லை. 10 பாகைச் சாய்வில் 8 டன்னை இழுத்தால் பக்கவாட்டில் 1.4 டன் விசை உண்டாகும். ரோப் டிரம்மின் பள்ளத்தைவிட்டு ஏறி நசுங்கும், பளு தரையைவிட்டவுடன் ஊசல்போல் வீசும். இழுக்க வேண்டியதற்கு வின்ச்சோ உருளையோ இருக்கிறது.

பாதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். இறக்குமிடத்தில் மரக்கட்டைகள் முன்பே போட்டிருக்க வேண்டும். பளு தொங்கும்போது ‘கட்டை எங்கே?’ என்று தேடுவது நல்ல நேரமல்ல. தடைகளைத் தாண்டும் அளவு உயரம் போதும், அதற்கு மேல் தூக்க வேண்டியதில்லை. திருப்பக் கயிறு கட்டுங்கள், கையால் தள்ள வேண்டாம். அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

சிக்னல் காட்டுபவர் ஒருவரே. ஆனால் ‘நிறுத்து’ என்பதை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். டர்பன் பட்டறையில் ஒரே குழுவில் தமிழ் வீட்டுப் பிள்ளையும், ஆங்கிலம் மட்டும் பேசுபவரும், ஜூலு பேசுபவரும் இருப்பார்கள். பெசூலு என்றால் மேலே, பான்சி என்றால் கீழே, யீமா என்றால் நில். இந்த மூன்று ஜூலுச் சொற்களையும் தெரிந்துகொள்வது நல்லது, இருந்தாலும் கிரைண்டர் ஓடும் சத்தத்தில் எந்த மொழியும் கேட்காது. கை அடையாளங்களை வேலைக்கு முன்பே எல்லோரும் ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும்: ஆள்காட்டி விரல் மேல்நோக்கிச் சுழன்றால் ஏற்று, கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்கு. அடையாளம் காட்டுபவர் கண்ணில் படாவிட்டால் பொத்தானில் கை வைக்கக் கூடாது.

பளு இறங்கிய பிறகு அடியில் மாட்டிய ஸ்லிங்கைக் கிரேனாலேயே உருவி எடுக்கும் சோம்பலும் உண்டு. ஸ்லிங்கின் கண் எங்காவது சிக்கி, இப்போதுதான் நல்லபடியாக வைத்த இயந்திரத்தைக் கவிழ்க்கும். கட்டைகள் போடச் சொல்வதே கையால் உருவ இடம் கிடைக்கத்தான்.

மின்சாரம் போனால்

லோட் ஷெட்டிங் (அட்டவணைப்படி வரும் மின்வெட்டு) பழகிப்போன நாட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரேனின் பிரேக் ஸ்பிரிங்கால் இறுகுவது, மின்சாரத்தால் விடுவது. ஆகவே மின்சாரம் போனால் பளு விழாது, தொங்கியபடி நிற்கும். எல்லாப் பொத்தான்களையும் விடுங்கள், அவசர நிறுத்தத்தை அழுத்துங்கள், கீழே ஆள் புகாமல் தடுப்புக் கட்டிக் காவல் நில்லுங்கள். பிரேக்கைக் கையால் விடுவித்து இறக்குவது அதற்குப் பயிற்சி பெற்றவர் வேலை. மின்காந்தத்தால் தகடு தூக்கும் கிரேன் வேறு கதை: பேட்டரித் துணை இல்லாவிட்டால் மின்சாரத்தோடு தகடும் போகும். மின்வெட்டு நடப்பில் இருக்கும் நாட்களில் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தூக்கலைத் தொடங்குவது இங்கே திட்டமிடலின் ஒரு பகுதி.

இன்னொன்றைப் பலர் நினைப்பதில்லை. ஜெனரேட்டருக்கு மாறியபோது மின்கம்பிகளின் வரிசை மாறியிருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ‘ஏற்று’ அழுத்தினால் இறங்கும், ‘இறக்கு’ அழுத்தினால் ஏறும். அப்போது மேல் எல்லை லிமிட் சுவிட்ச் ‘ஏற்று’ பொத்தானை மட்டுமே துண்டிப்பதால், ஏறிக்கொண்டிருக்கும் கொக்கியை நிறுத்தாமல் போகலாம். கொக்கிக் கப்பி டிரம்மில் மோதி ரோப் அறும். ஆகவே மின்சாரம் மாறும்போதெல்லாம், மின்வேலை நடந்த பிறகும், ஷிஃப்ட் தொடங்கும்போதும் பளு இல்லாமல் திசையைச் சரிபாருங்கள். பின் கொக்கியை மெல்ல மேலே ஏற்றி லிமிட் சுவிட்ச் நிறுத்துகிறதா என்று பாருங்கள். அந்தச் சுவிட்ச் கடைசிக் காப்பு. தினமும் அதில் இடித்து நிறுத்துவதை வழக்கமாக்கினால், தேவைப்படும் நாளில் அது தேய்ந்து போயிருக்கும்.

சட்டம்

தென்னாப்பிரிக்காவில் தொழிற்சாலைகளுக்கு 1993 ஆம் ஆண்டின் 85 ஆம் எண் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2015 இல் வந்த இயங்கு இயந்திர ஒழுங்குவிதிகளும் பொருந்தும். சுரங்கங்களுக்கு 1996 ஆம் ஆண்டுச் சட்டம் தனி. ஒழுங்குவிதி 18 பளு தூக்கும் இயந்திரங்களைப் பற்றியது. கிரேன் முழுவதையும் 12 மாதத்துக்குள் ஒருமுறை, ரோப், கொக்கி, பிரேக் போன்றவற்றை 6 மாதத்துக்குள், ஸ்லிங், ஷாக்கிள் வகையறாவை 3 மாதத்துக்குள் தகுதியுள்ளவர் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும். இயக்குபவருக்கு அந்த வகைக் கிரேனுக்கான பயிற்சிச் சான்று வேண்டும். பளு தூக்கும் இயந்திரப் பரிசோதகர்கள் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் பதிவு பெற்றவர்கள். நீங்கள் புதிய ஆளாக இருந்தாலும் பட்டறையின் பரிசோதனைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஒரு ஸ்லிங்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அது ஏட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், பட்டறையின் நிலவரம் புரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் கொக்கியைத் தலைக்கு மேல் ஏற்றி, கிரேனை அதன் இடத்தில் நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஸ்லிங்குகள் தரையில் அல்ல, நிழலில் உள்ள தாங்கியில் தொங்க வேண்டும். தேறாத ஸ்லிங்கைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். நடுவிலும் இரண்டு கண்களிலும் வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் மாலையில் யாரோ ஒருவர் அதைச் சுருட்டிப் பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்னால் எறிந்துகொண்டு போவார், சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் கார் எஞ்சின் தூக்குவதற்கு.